ஹுனுவா மலையில் ஒரு பெண் பார்ப்பு

அது 1986ஆம் ஆண்டின் இலையுதிர்காலம். என் மனைவி அதற்கு முந்தைய ஆண்டு என்பார். ஆனால் அன்று என் கழுத்தில் ஒரு பைனாகுலர் தொங்கியது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. ஹேலி வால்நட்சத்திரத்தைப் பார்ப்பதற்காக வாங்கிய பைனாகுலர் அது. வால்நட்சத்திரம் வந்த ஆண்டைப் பற்றி யாரும் என்னோடு வாதிட முடியாது. "கழுத்தில கிடந்தது கமரா" என்கிறார் மனைவி. கமரா என்றால் படம் இருந்திருக்க வேண்டும். அன்றைய நாளின் படம் ஒன்றுகூட எங்கள் வீட்டில் இல்லை. ஆகவே 1986தான்.

அப்போது நாங்கள் நியூசிலாந்தில், ஆக்லாந்து நகரின் தெற்கே பாபகூராவில் இருந்தோம். நான் நகரத்துக்குத் தண்ணீர் கொண்டுவரும் குழாய்களை வரைபடத்தில் வரையும் அலுவலகம் ஒன்றில் வேலை செய்தேன். ஹுனுவா மலையில் இருக்கும் அணைகளிலிருந்து எந்தக் குழாய் எங்கே வளைகிறது, எந்த இடத்தில் வால்வு இருக்கிறது என்பதெல்லாம் எனக்குத் தெரியும். மலை தெரியாது. என் வரைபடத்தில் மலை என்பது குழாய்க்கு இடைஞ்சலாக இருக்கும் சில வளைகோடுகள், அவ்வளவுதான். ஆனால் மனைவி ஆக்லாந்தில் இருந்த அத்தனை தமிழரிடமும், "இவருக்கு ஹுனுவா காடு முழுக்கத் தண்ணிபட்ட பாடு" என்று சொல்லி வைத்திருந்தார். தண்ணீர் வரைக்கும் அது உண்மை.

நான் பிறந்த யாழ்ப்பாணத்தில் மலை கிடையாது. மழைக்காலத்தில் மட்டும் ஓடும் ஒன்றைத் தவிர ஆறும் கிடையாது. நிலத்தை ஐந்தாகப் பிரித்து ஒவ்வொன்றுக்கும் ஒரு பூவும் ஒரு தெய்வமும் கொடுத்ததைப் பள்ளிக்கூடத்தில் மனப்பாடம் செய்து ஒப்பித்தேன். குறிஞ்சியைப் பற்றி நன்றாக எழுதிப் புள்ளிகளும் வாங்கினேன். ஆனால் நியூசிலாந்துக்கு வரும்வரை நான் ஏறிய மிக உயர்ந்த இடம் அரசாங்க அலுவலகம் ஒன்றின் மேல்மாடி. மலையில் நடப்பது பற்றி எனக்கு இருந்த அறிவெல்லாம் நூலகத்திலிருந்து எடுத்த ஒரு புத்தகத்தில் இருந்து வந்தது. ஸ்பெயினில் ஒரு சிறிய ஊரைச் சுற்றியுள்ள ஆற்றங்கரைகளிலும் மலைப்பாதைகளிலும் நடந்த ஓர் ஆங்கிலேயர் எழுதியது. அதில் ஒவ்வொரு மலைக்கு அப்பாலும் ஒரு சத்திரம் இருக்கும். சத்திரக்காரி ரொட்டியும் பாலாடைக்கட்டியும் கொண்டுவந்து வைப்பாள். ஒரு கழுதை நிழலில் நிற்கும். நான் அந்தப் புத்தகத்தை நம்பித் தண்ணீரைக் குறைவாகக் கட்டினேன்.

இவ்வளவு தகுதிகளோடு நான் அன்று அந்தப் பயணத்துக்குத் தலைவன் ஆனதற்குக் காரணம் என் மச்சாள். மனைவியின் ஒரே தங்கச்சி. மருத்துவமனையில் தாதியாக வேலை செய்தார். ஊரில் ஒரு தரிப்பு தூரத்துக்கும் பஸ்ஸுக்குக் காத்து நின்ற பெண், இங்கே வந்ததும் வேலையிடத்து வெள்ளைக்காரிகளோடு சேர்ந்து மலை ஏறத் தொடங்கினார். இந்த நாட்டில் அதற்கு டிராம்பிங் என்று பெயர். முதுகில் மூட்டையோடு சேற்றில் நடப்பதும், நனைவதும், வீட்டுக்கு வந்து "அருமையாக இருந்தது" என்று சொல்வதும் சேர்ந்ததுதான் டிராம்பிங்.

அப்படி நடந்த இடத்தில் அவர் ஒருவரைச் சந்தித்திருந்தார். மலேசியாவில் ஈப்போவிலிருந்து வந்த தமிழர். ஆக்லாந்தின் எப்சம் பகுதியில் ஒரு பிளாட்டில் இருந்தார். மருந்துக்கடையில் வேலை. அவரையே கட்டிக்கொள்ளப் போவதாக மச்சாள் சொன்னார். மாமா யாழ்ப்பாணத்திலிருந்து முடிவைத் தன் மூத்த மகளின் கையில் விட்டிருந்தார். "நீ பார்த்துச் சரியெண்டா சரி" என்பது அவர் கட்டளை. ஈப்போவில் இருந்த தாயும் அதே மாதிரித் தன் மூத்த மகளை அனுப்பியிருந்தார். அந்த அக்கா தம்பியோடு சில வாரம் தங்கிவிட்டு அடுத்த நாள் விமானம் ஏற இருந்தார். போகும்போது தாய்க்கு ஒரு பதில் கொண்டுபோக வேண்டும். ஆகவே இரண்டு அக்காமாரும் ஒருவர் குடும்பத்தை ஒருவர் பார்த்து, அந்த ஒரு ஞாயிற்றுக்கிழமைக்குள் முடிவு சொல்ல வேண்டும் என்று ஆயிற்று.

மனைவி வழக்கப்படி வீட்டுக்குக் கூப்பிடத்தான் நினைத்தார். மச்சாள் ஒரே பிடியாக நின்றார்.

"நான் சேலை உடுத்துக்கொண்டு தட்டோட வந்து நிக்கமாட்டன். நாங்கள் நடக்கிற இடத்துக்கு நீங்கள் வாங்கோ. ஒரு நாள் அந்தாளோட நடந்து பாருங்கோ. பிறகு வேண்டாமெண்டா நான் வாய் திறக்கமாட்டன்."

"மலையில வைச்சோ மாப்பிள்ளை பாக்கிறது?" என்றார் மனைவி.

"ஏன், உங்களுக்கு இருட்டு ஹோலுக்க வைச்சுக் காட்டினவை. பிறகு வெளிச்சத்தில பாத்து நீங்கள் அழேல்லையோ?"

காட்டப்பட்டவன் நான்தான். நான் பேப்பரை உயர்த்திப் பிடித்துக்கொண்டேன்.

இனி நடந்ததைச் சொல்வதற்கு முன் ஒரு சொல்லைப் பற்றிச் சொல்லிவிட வேண்டும். யாழ்ப்பாணத்தில் 'வெளிக்கிடுவது' என்றால் உடுத்தித் தயாராகிப் புறப்படுவது. கலியாணத்துக்கு வெளிக்கிடுவோம், கோயிலுக்கு வெளிக்கிடுவோம், விமானத்துக்கும் வெளிக்கிடுவோம். ஆனால் மற்ற ஊர்த் தமிழர் பலருக்கு 'வெளிக்கு' என்று தொடங்கினாலே அது ஒரே ஓர் இடத்துக்குத்தான் போகும். செம்பும் தண்ணீருமாகப் போகும் இடம். எங்கள் ஊரிலும் 'வெளிக்குப் போவது' அதேதான். ஆனால் பின்னால் ஓர் 'இடு' சேர்ந்ததும் சொல் குளித்துச் சுத்தமாகி, பட்டு வேட்டியும் கட்டிக்கொண்டு விடும். அன்று காலை இது எங்களில் யாருடைய யோசனையிலும் இல்லை.

விடிந்ததும் மனைவி எப்சமுக்குத் தொலைபேசி எடுத்தார். ஈப்போ அக்கா எடுத்தார். இருவரும் முதல் முறையாகப் பேசினார்கள். மனைவியின் பக்கத்தை நான் கேட்டேன். மறுபக்கத்தை ஈப்போ அக்கா பிற்காலத்தில் எத்தனையோ விருந்துகளில் நடித்தே காட்டியிருக்கிறார்.

"அக்கா, வெளிக்கிட்டாச்சோ?" என்று அன்பாகக் கேட்டார் மனைவி.

அந்தப் பக்கத்திலிருந்து மெல்லிய குரலில், "ம்ம்... ஆச்சு."

"நாங்கள் இனித்தான். பிள்ளை விடியவே வெளிக்கிட்டிட்டாள். இவர்தான் பிரச்சினை. இவர் வெளிக்கிடத் துவங்கினா லேசில முடியாது. நான் கதவுக்கு வெளியில நிண்டு கத்தோணும்."

"அடடா. உடம்புக்கு ஏதும் முடியலையா?"

"சீச்சீ, கலியாணம் கட்டின நாளில இருந்து இப்பிடித்தான். இவரின்ர தகப்பனும் இப்பிடித்தானாம்."

"பரம்பரையா வர்றதா?" என்று கேட்டார் ஈப்போ அக்கா.

"ஓமோம், குடும்பமே அப்பிடித்தான்" என்று மனைவி சிரித்துவிட்டு வைத்தார். "நல்ல மனுசி. உங்கட உடம்பை எல்லாம் விசாரிக்கிறா."

பாபகூரா ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் சந்தித்தோம். ஈப்போக்காரர் உயரமாக, அமைதியாக, முழங்கால்வரை சேறு காய்ந்த பூட்ஸோடு நின்றார். அவருடைய அக்கா பூப்போட்ட சட்டையும் குதிகால் வைத்த செருப்பும் அணிந்து, பெரிய ஓலைத் தொப்பி போட்டிருந்தார். வணக்கம் சொன்ன கையோடு நேராக என்னிடம் வந்து, ஒரு சின்னப் பச்சைப் போத்தலை என் உள்ளங்கையில் வைத்து மூடினார்.

"அண்ணே, சீனக்கடைத் தைலம். தொப்புளைச் சுத்தித் தடவுங்க. எங்க பெரியப்பாவுக்கும் இதே கஷ்டம்தான்."

மலேசியத் தமிழரின் வரவேற்பு முறை இதுவாக இருக்கலாம் என்று எண்ணி, நான் நன்றி சொல்லி வாங்கிக்கொண்டேன்.

தம்பி, "காடியை அந்தப் பக்கம் விட்டுட்டு வந்துர்றேன்" என்று சொல்லிப் போனார். மனைவி என் காதருகே வந்தார். "காடியோ? புளிச்ச கஞ்சித் தண்ணியை என்னத்துக்கு இவ்வளவு தூரம் கொண்டந்தவர்?"

"கார், அக்கா. அவை காரைக் காடி எண்டுதான் சொல்லுவினம்" என்று மச்சாள் மொழிபெயர்த்தார். அவர் பக்கத்தில் இருக்கும் வரைக்கும் எங்களுக்கு எந்தச் சிக்கலும் வரவில்லை என்பதை இங்கே குறித்துக்கொள்ள வேண்டும்.

பாதை ஓர் ஆற்றங்கரையில் தொடங்கி, மலை முதுகில் ஏறி, மறுபக்கம் அதே ஆற்றுக்கு இறங்கியது. ஒரு காரை முடியும் இடத்தில் விட்டுவிட்டு மற்றக் காரில் தொடக்கத்துக்கு வந்தோம். தொடக்கத்திலேயே ஆற்றுக்கு மேல் கம்பியில் தொங்கும் ஒரு பாலம். ஒரு நேரத்தில் ஒருவர் மட்டும் போகலாம் என்று பலகை சொன்னது. மனைவி பலகையைப் படித்துவிட்டு, செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு, பிள்ளையாரைக் கும்பிட்டு, என்னைப் பார்த்து "கவனமா இருங்கோ" என்று விடை பெற்றார். நடுப்பாலத்தில் நின்று இன்னொரு முறையும் திரும்பிப் பார்த்தார். இரண்டாம் தரம் பார்த்ததைப் பார்த்து ஈப்போ அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

ஈப்போ அக்காவுக்கு ஆறும் மலையும் புதிதல்ல. ஆனால் அவருடைய காடுகளில் அட்டை உண்டு. அதனால் கணுக்காலெல்லாம் சவர்க்காரம் பூசி வந்திருந்தார். இந்த நாட்டுப் பாதைகளில் அட்டையும் இல்லை, பாம்பும் இல்லை என்று தம்பி சொல்லியும் அவர் நம்பவில்லை. முதல் சேற்றில் கால் வைத்ததும் சவர்க்காரம் நுரைத்தது. அன்று முழுவதும் அவர் போன வழியில் மெல்லிய வாசனை இருந்தது.

மனைவி மாப்பிள்ளையை உளவு பார்த்துக்கொண்டே நடந்தார். ஏறுவதற்குக் கை கொடுக்கிறாரா, முன்னால் ஓடிவிடாமல் கிழடுகளுக்காக நிற்கிறாரா, மூச்சு வாங்கும்போது தங்கச்சியின் மூட்டையை வாங்குகிறாரா என்றெல்லாம் பார்த்தார். மூட்டையை மச்சாள்தான் கொடுக்கவில்லை. "நல்ல பிள்ளை" என்று ஒரு மேட்டில் மனைவி என்னிடம் சொன்னார். "கதை குறைவு. ஆனா நல்ல பிள்ளை." அடுத்த மேட்டில், "எங்கட பிள்ளை சிரிக்கிறதை நான் இப்பதான் வடிவாப் பாக்கிறன்" என்றார். நான் மூச்சு வாங்கிக்கொண்டிருந்தேன். ஆனால் அப்போதே எனக்குத் தெரிந்துவிட்டது, மாலைக்குள் அவர் ஓம் சொல்லிவிடுவார் என்று.

ஒரு கிளைவழியில் தலைவன் என்ற முறையில் என்னைக் கேட்டார்கள். நான் என் வரைபடத்தை விரித்து இடப்பக்கம் என்றேன். புதர்களை விலக்கிக்கொண்டு நெடுநேரம் போனோம். வழி ஓர் இரும்புப் பெட்டியின் முன்னால் முடிந்தது. அது ஒரு வால்வு. நான் வரைந்த வால்வு. தாளில் எந்த இடத்தில் புள்ளி வைத்தேனோ அதே இடத்தில் நின்றது. என் சந்தோஷத்தை எல்லோரும் மரியாதையாகப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். பிறகு வந்த வழியே திரும்பி, மாப்பிள்ளை காட்டிய வலப்பக்கம் போனோம்.

இந்த நாட்டுப் பாதைப் பலகைகள் தூரத்தைச் சொல்வதில்லை, நேரத்தைத்தான் சொல்லும். யாருடைய நேரம் என்று சொல்வதில்லை. எங்களுடையதாக இல்லை. மலை முதுகுக்கு வந்தபோது சத்திரமும் இல்லை, கழுதையும் இல்லை. கமுகு மாதிரி ஒரு மரம் மட்டும் நின்றது. மனைவி அதன் அடியில் பாக்குத் தேடிவிட்டு ஏமாற்றத்தோடு உட்கார்ந்தார்.

சாப்பாட்டைப் பிரித்தோம். எங்களுடையது ரொட்டியும் கட்டாச் சம்பலும். அவர்களுடையது தேங்காய்ப்பால் சோறும் நெத்தலிச் சம்பலும். ஈப்போ அக்கா எல்லோருக்கும் பரிமாறினார். என் தட்டுக்கு வந்ததும் வெறும் சோற்றை வைத்து, கரண்டியை நிறுத்திக்கொண்டார்.

"உங்களுக்கு சம்பல் வேணாம்ணே. இன்னிக்கு இவ்வளவு தூரம் நடக்கணும்ல?"

"எனக்கு உறைப்பு ஒண்டும் செய்யாது" என்றேன்.

"இப்படிச் சொல்லிச் சொல்லித்தான் எங்க பெரியப்பாவும்..." என்று அவர் நிறுத்தி, எனக்கு ஒரு வாழைப்பழம் கொடுத்தார்.

சாப்பாட்டுக்குப் பிறகுதான் பிரச்சினை. ஈப்போ அக்காவின் ஒரு செருப்பின் வார் அறுந்திருந்தது. அவர் களைத்துப்போய் ஒரு மரத்தில் சாய்ந்து, தொப்பியை முகத்தில் கவிழ்த்துக்கொண்டு தூங்கிவிட்டார். அவரைப் பாதை முடியும்வரை நடத்த முடியாது என்று தம்பி யோசித்தார். தானும் மச்சாளும் விரைவாக இறங்கிப் போய், முடிவில் நிற்கும் காரை எடுத்து, ஆற்றங்கரை மண் ரோட்டு வழியாகக் கீழே இருக்கும் ஓர் இரும்புக் கேற்றுக்குக் கொண்டுவருவதாகச் சொன்னார். நாங்கள் மூவரும் ஆறுதலாக அந்தக் கேற்று வரை இறங்கினால் போதும். பட்டப்பகல்தானே என்று மனைவி அனுமதி கொடுத்தார். இருவரும் போனார்கள். எங்கள் மொழிபெயர்ப்பாளர்கள் இரண்டு பேரும் ஒன்றாகப் போனார்கள்.

சற்று நேரத்தில் ஈப்போ அக்கா விழித்தார். சுற்றுமுற்றும் பார்த்தார்.

"எங்க மா, தம்பியக் காணோம்?"

"தம்பி வெளிக்கிட்டிட்டார்" என்றார் மனைவி.

ஈப்போ அக்கா நாணத்தோடு தலையைக் குனிந்தார். "சரி, சரி. வரட்டும். உங்க தங்கச்சி?"

"அவளும் சேர்ந்துதான் வெளிக்கிட்டவள்."

"சேர்ந்தா?"

"ஓம். அவைக்கு இது பழகின இடம் தானே. சனிக்கிழமையில பத்துப் பன்ரெண்டு பேர், வெள்ளைக்காரரும் சேர்த்து, ஒண்டா வெளிக்கிடுறவை."

ஈப்போ அக்கா கையால் வாயை மூடிக்கொண்டார். அது அவருக்கு மலையின் உயரத்தால் வந்த மயக்கம் என்று நான் நினைத்தேன். மனைவி எழுந்து சேலைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டார்.

"அப்ப நாங்களும் வெளிக்கிடுவமே அக்கா? இவரும் ரெடி."

"நா... நாங்களுமா? இங்கேயா?"

"பின்னை? இருளுறதுக்குள்ள முடிச்சிட வேணும்."

"எனக்கு வேணாம் மா. எனக்கு இப்ப வரல."

"அப்பிடிச் சொல்லாதேங்கோ. மெல்ல மெல்ல வரும். பயமெண்டா நான் கையைப் பிடிக்கிறன். இவர் முன்னுக்கு, நீங்கள் நடுவில, நான் பின்னுக்கு."

ஈப்போ அக்கா மரத்தைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். அவர் முகத்தில் வெட்கமெல்லாம் போய் ஒரு கண்டிப்பு வந்திருந்தது.

"தங்கச்சி, தப்பா நினைக்காதீங்க. எங்க குடும்பத்துல இந்த மாதிரிப் பழக்கமெல்லாம் கிடையாது. இது எங்களுக்கு ஒத்து வராது. ஊருக்குப் போய் எங்க அம்மாகிட்ட நான் என்னன்னு சொல்வேன்?"

சொல்லிவிட்டு, அறுந்த செருப்பை இழுத்துக்கொண்டு தனியாகக் கீழ்நோக்கி நடக்கத் தொடங்கினார்.

மனைவி அசையாமல் நின்றார். "கேட்டியளோ? ஒத்து வராதாம்."

"எது?" என்றேன்.

"எதோ? சம்பந்தம்! வேறென்ன? எங்களோட சேர்ந்து நடக்கிறதுக்கே மனுசிக்கு ஏலாதாம். காலமை போனில என்ன மாதிரிக் கதைச்சவா! வந்து பாத்திட்டு, எங்களைப் பிடிக்கேல்லை. உங்களாலதான். அந்த வால்வுக்கு முன்னால நிண்டு பல்லைக் காட்டினியள்."

நான் வால்வை நினைத்துப் பார்த்தேன். அதில் குற்றம் சொல்ல ஒன்றும் இல்லை என்றுதான் இப்போதும் நினைக்கிறேன். ஆனால் மனைவி பக்கத்தில் கிடந்த மரக்கட்டையில் உட்கார்ந்து மூக்கைச் சிந்தினார்.

"நான் ஓம் சொல்லுறதெண்டு முடிவெடுத்திட்டன் தெரியுமே? கீழ போய்ச் சொல்லுவமெண்டு இருந்தனான். அவள் வந்து என்ன அக்கா எண்டு கேட்டா நான் என்ன சொல்லுறது? என்னை நம்பித்தான் வாய் திறக்கமாட்டன் எண்டவள்."

மச்சாளின் முகம் எனக்கும் முன்னால் வந்து நின்றது. முடிவில் மனைவி எழுந்து முகத்தைத் துடைத்தார். "அவைக்கு வேண்டாமெண்டா எங்களுக்கும் வேண்டாம். நாங்கள் முந்திச் சொல்லிப்போட வேணும்" என்றார். குடும்ப மானத்தைக் காப்பாற்றுவதற்காக நாங்கள் வேகமாக இறங்கத் தொடங்கினோம். முன்னால் ஈப்போ அக்கா எங்களுக்கு முந்திச் சொல்லிவிட வேகமாக இறங்கிக்கொண்டிருந்தார். பலகை சொன்ன நேரத்துக்கு நாங்கள் ஓர் இடத்தை அடைந்தது அன்று அந்த ஒரு தடவைதான்.

கீழே ஆறு தெரிந்தது. கேற்றுக்குச் சற்று மேலே, காத்திருந்து பார்த்துவிட்டு எங்களைத் தேடி ஏறி வந்துகொண்டிருந்தார்கள் தம்பியும் மச்சாளும். மூன்று பேரும் மூச்சிரைக்க ஒரே நேரத்தில் அவர்கள் முன்னால் போய் நின்றோம். நாங்கள் வாய் திறக்குமுன் தம்பி என் மனைவியின் பக்கம் திரும்பி, கவலையோடு கேட்டார்:

"இவ்வளவு நேரமோ அக்கா? எப்ப வெளிக்கிட்டனீங்கள்?"

ஈப்போ அக்கா தொப்பியைக் கழற்றித் தம்பியின் தோளில் ஓங்கி அடித்தார்.

"டேய்! கல்யாணமான பொம்பளகிட்டக் கேக்குற கேள்வியாடா இது? நீயும் இவங்க மாதிரியே ஆயிட்டியா?"

"என்னக்கா கேட்டேன்? எப்பக் கெளம்புனீங்கன்னுதானே கேட்டேன்?"

"கெளம்புனீங்களா?"

"ஆமா. வெளிக்கிடுறதுன்னா கெளம்புறது. இவங்க ஊர்ல அப்படித்தான் சொல்வாங்க. நீங்க என்னன்னு நினைச்சீங்க?"

ஈப்போ அக்கா என்னைப் பார்த்தார். மனைவியைப் பார்த்தார். பிறகு தொப்பியால் முகத்தை மூடிக்கொண்டு, தொப்பிக்குள் இருந்தபடியே தான் என்னவென்று நினைத்தார் என்பதைச் சொன்னார். காலைத் தொலைபேசியில் தொடங்கி ஒவ்வொன்றாகச் சொன்னார். மச்சாள் நிற்க முடியாமல் ஆற்றங்கரைக் கல்லில் உட்கார்ந்தார். சிரிப்பில் சறுக்கி, பூட்ஸோடு தண்ணீருக்குள் போனார். "அத்தானுக்குப் பரம்பரை வயித்து வருத்தமாம்!" என்று தண்ணீருக்குள் நின்று கத்தினார். நான் சட்டைப்பைக்குள் இருந்த பச்சைப் போத்தலை எடுத்து ஈப்போ அக்காவிடம் நீட்டினேன். "வச்சுக்குங்கண்ணே, தலைவலிக்கும் கேக்கும்" என்றது தொப்பி.

மனைவி மட்டும் சிரிக்கவில்லை. அவர் தம்பியையே உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அக்காட காலில உது என்ன, ரத்தமோ?" என்று இப்போது தம்பி, மனைவிக்குப் பக்கத்தில் நின்ற தன் அக்காவின் காலைக் காட்டி மனைவியிடம் கேட்டார்.

மனைவியும் நானும் ஒருவரை ஒருவர் பார்த்தோம். உது. அருகில் இருப்பது இது. தூரத்தில் இருப்பது அது. நாம் யாரோடு பேசுகிறோமோ அவருக்குப் பக்கத்தில் இருப்பது உது. மற்றத் தமிழரிடம் இலக்கணப் புத்தகத்தோடு நின்றுவிட்ட இந்தச் சொல் எங்கள் வாயில் மட்டும் இன்னும் உயிரோடு இருக்கிறது. 'ஓம்' என்று சொல்ல ஒரு கிழமையில் பழகலாம். 'வெளிக்கிடு' ஒரு மாதத்தில் வரும். ஆனால் வெளியூர்க்காரர் ஒருவர் யோசிக்காமல், சரியான இடத்தில், சரியான காலுக்கு 'உது' போடுகிறார் என்றால் அது சில்லறைக் காலத்து வேலை அல்ல.

"தம்பி, இஞ்ச வாரும்" என்றார் மனைவி. "உமக்கு எங்கட பிள்ளையை எப்பவிருந்து பழக்கம்?"

தம்பி மச்சாளைப் பார்த்தார். மச்சாள் தண்ணீருக்குள் இருந்தபடி ஆற்றைப் பார்த்தார்.

"என்னட்டை இவள் சொன்னது போன நத்தாருக்குப் பிறகு எண்டு" என்றார் மனைவி.

"என்கிட்டயும் கிறிஸ்மஸ் கழிஞ்சு புதுவருசத்துலதான் பாத்தேன்னு சொன்னான்" என்றார் ஈப்போ அக்கா, தொப்பியை இறக்கி.

"நத்தாருக்குப் பிறகு பழகின வாயில உது வராது."

"அதானே? என்னையவே ஒரு நாள் 'உங்க' சொல்லாம 'உங்கட' சொன்னான். நான் சளி பிடிச்சிருக்குன்னு நினைச்சேன்."

"உண்மையைச் சொல்லும். எவ்வளவு காலம்?"

"ரெண்டு விண்டர், அக்கா" என்றார் தம்பி மெதுவாக.

இரண்டு அக்காமாரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். சற்று முன் ஒருவரை ஒருவர் முந்தி மறுப்புச் சொல்ல மலையை ஓடி இறங்கியவர்கள், ஒரே ஏமாற்றுக்கு ஆளான இருவராக இப்போது நின்றார்கள். அதைவிட நெருங்கிய உறவு கிடையாது என்று அவர்கள் நின்ற நிலையில் தெரிந்தது.

"ரெண்டு வருசமா நம்ம ரெண்டு பேரையும் முட்டாளாக்கி வச்சிருக்காங்க மா."

"இவளுக்கு ஒவ்வொரு சனிக்கிழமையும் சாப்பாடு கட்டிக் குடுத்து அனுப்பினது நான்தானே அக்கா! ஒரு ஆளுக்குக் கனக்க எண்டு அப்பவே யோசிச்சனான்."

மனைவி தன் காலில் கிடந்த ரப்பர் செருப்பைக் கழற்றி ஈப்போ அக்காவின் காலடியில் போட்டார். அவர் அதைப் போட்டுக்கொண்டு மனைவியின் கையைப் பிடித்தார். மலையில் பிடிக்க மறுத்த அதே கை.

"உங்கட அம்மாட்டை என்ன சொல்லப் போறியள்?" என்று மனைவி கேட்டார்.

"என்னத்த சொல்றது? பையன் பாதி யாழ்ப்பாணத்தானா ஆயிட்டான், மீதியையும் நீங்களே எடுத்துக்கங்கன்னு சொல்றேன். நீங்க என்ன சொல்றீங்க?"

"எங்கட உதுவையும் எடுத்துப்போட்டார். இனி வேண்டாமெண்டு சொல்ல என்ன கிடக்கு?" என்றார் மனைவி. பிறகு, தங்கச்சிக்குக் கேட்கும்படி சத்தமாக, "ஓம்" என்றார்.

தண்ணீருக்குள் நின்ற மச்சாள் இரண்டு கைகளாலும் முகத்தைப் பொத்திக்கொண்டார். இந்த முறை சிரிக்கவில்லை. தம்பி பூட்ஸோடு ஆற்றில் இறங்கி அவர் பக்கத்தில் போய் நின்றார். நான் பைனாகுலரை எடுத்து எதிர்க்கரை மரங்களைக் கவனமாகப் பார்த்தேன்.

அக்காமார் இருவரும் கைகோத்தபடி ஆற்றங்கரைப் பாதையில் முன்னால் நடந்தார்கள். கலியாணம் ஆக்லாந்திலா ஈப்போவிலா, கூறைச்சேலை யார் எடுப்பது, ஐயருக்கு எங்கே போவது என்று பேச்சு எங்களுக்குக் கேட்டது. ஒருவர் சொன்னதில் பாதி மற்றவருக்கு விளங்கியிருக்காது. அது அவர்களைத் தடுக்கவில்லை. கார் நின்ற கேற்று வந்தது. அவர்கள் அதைத் திரும்பியும் பார்க்காமல் தாண்டிப் போய்விட்டார்கள்.

நான் கூப்பிட வாயெடுத்தேன். ஈரக் கால்சட்டையைப் பிழிந்துகொண்டு வந்த மச்சாள் என் கையைப் பிடித்து நிறுத்தினார்.

"கூப்பிடாதேங்கோ அத்தான். இன்னும் மண்டபம் முடிவாகேல்லை."